பைபிள் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பில் கேட்கக் கூச்சப்பட்டு, ஜெபக்கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது மெதுவாகக் கேட்பார்களே, அந்தக் கேள்விகள்தான் பெரும்பாலும் இவை. பதில் எழுதுகிற நான் விசுவாசி, சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவன், அதனால் வசனங்களை நம் சபைகளில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தருகிறேன். வேறு நம்பிக்கையில் இருப்பவர்களும் வாசிக்கலாம், யாரையும் மாற்றுவதற்காக எழுதவில்லை.

பைபிளை எழுதியது கடவுளா, மனிதர்களா?

எழுதியது மனிதர்கள். அவர்கள் வழியாகப் பேசியது கடவுள் என்று நம்புகிறோம். "தேவனுடைய பரிசுத்த மனுஷர்கள் பரிசுத்த ஆவியினாலே ஏவப்பட்டுப் பேசினார்கள்" என்று பேதுருவின் இரண்டாம் நிருபம், அதாவது கடிதம், சொல்கிறது, அதில் மனுஷர்களும் இருக்கிறார்கள், ஆவியும் இருக்கிறார். ஏதோ ஒரு நாள் அட்டை போட்டுத் தைத்து வானத்திலிருந்து இறங்கியது என்று பைபிள் தன்னைப் பற்றி எங்கேயும் சொல்லிக்கொள்ளவில்லை, நாம்தான் அப்படி நினைத்துக்கொள்கிறோம்.

ஒரு புத்தகம் எப்படி உருவானது என்று பைபிளுக்குள்ளேயே பார்க்க வேண்டுமானால் எரேமியா 36 ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எரேமியா சொல்லச் சொல்ல பாருக் எழுதுகிறான். எப்படி எழுதினாய் என்று பிரபுக்கள் விசாரிக்கும்போது, அவர் வாயால் சொன்னார், நான் மையினால் எழுதினேன் என்று சாதாரணமாகப் பதில் சொல்கிறான். அப்புறம் அந்தச் சுருள் ராஜாவிடம் போகிறது. குளிர்காலம், யோயாக்கீம் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான், யெகுதி மூன்று நான்கு பத்தி வாசித்ததும் ராஜா சூரிக்கத்தியால் சுருளை அறுத்து நெருப்பில் போடுகிறான், கடைசியில் முழுச் சுருளும் சாம்பலாகிறது. கர்த்தர் என்ன செய்கிறார்? இன்னொரு சுருளை எடுத்து மறுபடி எழுது என்கிறார். பாருக் மறுபடி உட்கார்ந்து எழுதுகிறான், இந்தத் தடவை "இன்னும் அவைகளுக்கு ஒத்த அநேகம் வார்த்தைகளும்" சேர்ந்துகொள்கின்றன. எரித்த பிறகு மறுபடி எழுதப்பட்டு, எழுதும்போது வளர்ந்த ஒரு புத்தகத்தைத்தான் இன்று கர்த்தருடைய வார்த்தை என்று கையில் வைத்திருக்கிறோம், இதை மறைக்க வேண்டிய அவசியம் பைபிளுக்கே இல்லாதபோது நமக்கு எதற்கு?

"தேவ ஆவியினால் அருளப்பட்டது" என்றால் ஒவ்வொரு சொல்லையும் கடவுள் சொல்லச் சொல்ல எழுதினார்களா?

சில இடங்களில் தீர்க்கதரிசிகள் "கர்த்தர் சொல்லுகிறது என்னவென்றால்" என்று நேராகவே சொல்கிறார்கள். எல்லா இடமும் அப்படி இல்லை. லூக்கா தன் சுவிசேஷத்தைத் தொடங்கும்போது, கண்ணாரக் கண்டவர்கள் ஒப்புவித்ததை ஆதிமுதல் திட்டமாய் விசாரித்தறிந்து வரிசையாக எழுதுகிறேன் என்று தெயோப்பிலுவுக்குச் சொல்கிறார். அது நாலு பேரிடம் கேட்டு, ஒத்துப் பார்த்து எழுதுகிற வேலை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் 1 கொரிந்தியர் முதல் அதிகாரம். சபையில் கட்சி பிரிந்து சண்டை, பவுல் கோபத்தில் இருக்கிறார். கிறிஸ்புவுக்கும் காயுவுக்கும் தவிர உங்களில் ஒருவருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, அதற்காக தேவனை ஸ்தோத்திரிக்கிறேன் என்கிறார். சொல்லி முடித்த பிறகு ஞாபகம் வருகிறது: ஸ்தேவானுடைய வீட்டாருக்கும் கொடுத்ததுண்டு. அதோடு, வேறு யாருக்காவது கொடுத்தேனோ இல்லையோ அறியேன் என்றும் சேர்த்துக்கொள்கிறார். ஒரு மனிதன் வாயால் சொல்லிக்கொண்டே போகிறான், ஒருவன் எழுதிக்கொண்டே வருகிறான், நடுவில் திருத்தம் வருகிறது, அடிக்காமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்த மறதியும் இன்று வேதவாக்கியம். கடவுள் பவுலின் ஞாபகத்தைத் துடைத்துவிட்டுத் தன் ஞாபகத்தை வைக்கவில்லை, பவுலைப் பவுலாகவே வைத்துப் பேசினார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

இந்த விஷயத்தில் கிறிஸ்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கருத்து இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1978 இல் சிகாகோவில் கூடிய சுவிசேஷச் சபைத் தலைவர்கள், மூலப்பிரதிகளில் வரலாறு, அறிவியல் உட்பட எதிலுமே பிழை கிடையாது என்று அறிக்கை வெளியிட்டார்கள். 1965 இல் கத்தோலிக்கச் சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம், நம் மீட்புக்காகக் கடவுள் எழுதிவைக்க விரும்பிய உண்மையை வேதம் தவறாமல் கற்பிக்கிறது என்று வேறு விதமாகச் சொன்னது. உங்கள் போதகர் எந்தப் பக்கம் என்று அவரிடமே கேளுங்கள், நான் இரண்டாவதற்குக் கொஞ்சம் அருகில் நிற்கிறேன்.

எந்த மொழியில், எந்தக் காலத்தில்?

பழைய ஏற்பாடு, அதாவது இயேசுவுக்கு முந்தைய பகுதி, பெரும்பாலும் எபிரெயு, தானியேல், எஸ்றா போன்றவற்றில் சில பகுதிகள் அரமேயு. எழுதி, தொகுத்து, திருத்தி முடிய பல நூற்றாண்டுகள் ஆயின. புதிய ஏற்பாடு முழுவதும் கிரேக்கம், அதுவும் அன்று கடைத்தெருவில் பேசிய சாதாரணக் கிரேக்கம். ஏறக்குறைய கி.பி. 50 இலிருந்து சில பத்தாண்டுகளுக்குள் அதன் பெரும்பகுதி எழுதப்பட்டுவிட்டது.

புதிய ஏற்பாட்டில் முதலில் எழுதப்பட்டது மத்தேயுதானே?

முதலில் அச்சாகியிருப்பது மத்தேயு, முதலில் எழுதப்பட்டவை பவுலின் நிருபங்கள். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் கி.பி. 50 வாக்கில் எழுதப்பட்டது என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலோர் கருத்து. மாற்கு சுவிசேஷத்தை எழுபதை ஒட்டி வைக்கிறார்கள். அதாவது இயேசுவைப் பற்றிச் சாட்சி சொல்லிக்கொண்டு, அப்பம் பிட்டு, பாட்டுப் பாடி, அடி வாங்கிக்கொண்டு சபை முதலில் இருந்தது, புதிய ஏற்பாடு அந்தச் சபைக்குள் பிறந்தது. அதுவரை சபைக்கு வேதம் இல்லையா என்றால், இருந்தது, பழைய ஏற்பாடு.

ஒரே கதைக்கு நான்கு சுவிசேஷம் எதற்கு? ஒன்றுக்கொன்று முரண்படுகிறதே?

சில இடங்களில் இடிக்கத்தான் செய்கிறது. இயேசு தேவாலயத்தில் காசுக்காரரை விரட்டியதை யோவான் ஊழியத்தின் தொடக்கத்தில், இரண்டாம் அதிகாரத்தில் சொல்கிறார், மற்ற மூவரும் கடைசி வாரத்தில் சொல்கிறார்கள். இரண்டு முறை நடந்திருக்கும் என்று சிலர் விளக்குவார்கள், யோவான் வரிசையை மாற்றி ஒரு கருத்தை முன்னால் வைத்தார் என்று சிலர் சொல்வார்கள். ஒரே கல்யாணத்தைப் பெண் வீட்டு அத்தையும் மாப்பிள்ளை வீட்டுச் சித்தியும் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படித்தான், இரண்டு பேரும் ஒரே வார்த்தையில் சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. நான்கையும் ஒன்றாக்கும் யோசனை அப்போதே வந்துவிட்டது. கி.பி. 170 வாக்கில் தாத்தியான் என்பவர் நான்கையும் பிணைத்து, இடிக்கிற இடங்களைச் சரிசெய்து, ஒரே கதையாக எழுதினார். சிரியா பக்கத்துச் சபைகளில் அதைத்தான் நெடுங்காலம் வாசித்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் தியோடரெட் என்ற ஆயர் தன் பகுதியில் அந்தப் புத்தகத்தின் இருநூறுக்கும் மேற்பட்ட பிரதிகளைத் திரட்டி எடுத்துவிட்டு, நான்கு தனித்தனிச் சுவிசேஷங்களை வைத்தார். வழவழப்பான ஒரே கதை கையில் இருந்தும், சபை இடிக்கிற நான்கைத்தான் வைத்துக்கொண்டது. முரண்பாட்டை நாம்தான் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி பேசுவதைக் கேட்டால் சிரிப்பு வருகிறது.

எந்தப் புத்தகம் உள்ளே, எது வெளியே என்று கான்ஸ்டன்டைன் ராஜா நிசேயாவில் ஓட்டெடுத்து முடிவு செய்தாராமே?

இல்லை. கி.பி. 325 இல் நிசேயாவில் கூடியது குமாரன் பிதாவோடு எப்படி ஒன்றாக இருக்கிறார் என்ற ஆரியு சர்ச்சைக்காக. அதோடு ஈஸ்டர் தேதியையும் பேசினார்கள். வேதப் புத்தகப் பட்டியல் அந்தச் சங்கத்தின் தீர்மானங்களில் கிடையாது. வாட்ஸ்அப்பில் இது இன்னும் சுற்றும், என்ன செய்வது.

உண்மையில் நடந்தது இன்னும் மெதுவானது, இன்னும் குழப்பமானது. பவுலின் நிருபம் ஒரு சபைக்கு வரும், வாசிப்பார்கள், பக்கத்து ஊருக்கு அனுப்புவார்கள். கொலோசெயருக்கு எழுதும்போதே, இதை லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள், அங்கிருந்து வருவதை நீங்களும் வாசியுங்கள் என்று பவுல் சொல்லிவிடுகிறார். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமாபுரியில் இருந்த யுஸ்தீன், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளையும் தீர்க்கதரிசிகளின் எழுத்துகளையும் நேரம் இருக்கும்வரை வாசிப்பார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். இப்படி எங்கும் வாசிக்கப்பட்டவை நிலைத்தன. நான்கு சுவிசேஷம், பவுலின் நிருபங்கள் விஷயத்தில் பெரிய சண்டை இல்லை. எபிரெயர், யாக்கோபு, 2 பேதுரு, யூதா, வெளிப்படுத்தல் ஆகியவற்றில் இழுபறி இருந்தது. எர்மாவின் மேய்ப்பன் என்ற நூலைச் சிலர் வேதம் மாதிரியே வாசித்தார்கள், நான்காம் நூற்றாண்டின் சினாய் கையெழுத்துப் பிரதியில் அதுவும் சேர்ந்தே இருக்கிறது. இன்று நம்மிடம் உள்ள 27 புத்தகங்களும், கூடாமல் குறையாமல், ஒரே பட்டியலாக நமக்குக் கிடைப்பது அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 367 இல் எழுதிய ஈஸ்டர் கடிதத்தில். 397 இல் கார்த்தேஜ் சங்கமும் அதே 27 ஐச் சொன்னது.

எந்தப் புத்தகம் முக்கியம் என்று தீர்மானிக்க வேண்டிய கட்டாயம் வேறொரு பக்கமிருந்தும் வந்தது. 303 இல் பேரரசன் தியோக்கிளேசியன் கிறிஸ்தவ நூல்களை எரிக்கச் சொல்லி உத்தரவு போட்டான். வட ஆப்பிரிக்காவில் சிர்த்தா என்ற ஊரில் அதிகாரிகள் சோதனை போட்ட நடவடிக்கைக் குறிப்பு இன்றும் இருக்கிறது. ஆலயத்தில் பெரிதாக எதுவும் அகப்படவில்லை, புத்தகங்கள் ஆராதனையில் வேதம் வாசிக்கிற ஊழியர்களான வாசகர்களின் வீட்டில் இருந்தன. வீடு வீடாகப் போனார்கள். ஒருவர் நான்கைக் கொடுத்தார், அடுத்தவர் ஐந்து, இன்னொருவர் எட்டு. கொடுத்தவர்களைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்று சபை பிற்பாடு பழித்தது, கொடுக்காமல் செத்தவர்களும் உண்டு. எதைக் கொடுக்கலாம், எதற்காகச் சாகலாம் என்று முடிவு செய்கிற நிலை வந்தால் பட்டியல் தானாகத் தெளிவாகும்.

கத்தோலிக்கரிடம் 73 புத்தகம், நம்மிடம் 66. நாம் எடுத்துவிட்டோமா, அவர்கள் சேர்த்தார்களா?

புதிய ஏற்பாட்டில் வித்தியாசமே இல்லை, சண்டை பழைய ஏற்பாட்டில்தான். இயேசுவுக்கு முன்பே, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கி, அலெக்சாந்திரியா யூதர்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார்கள். தோபித்து, மக்கபேயர், சீராக் போன்றவை அந்தக் கிரேக்கத் தொகுப்போடு சேர்ந்து ஆதிச் சபைக்கு வந்தன. எபிரெயத் தொகுப்பில் அவை இல்லை. ஜெரோம் லத்தீனில் மொழிபெயர்த்தபோதே அவற்றைத் தள்ளி வைக்க நினைத்தார், அகஸ்தீன் ஒத்துக்கொள்ளவில்லை. லூத்தர் 1534 இல் வெளியிட்ட ஜெர்மன் பைபிளில் அவற்றைத் தூக்கி எறியவில்லை, இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே தனியாக வைத்தார், வாசிக்க நல்லவை, வேதத்துக்குச் சமமல்ல என்ற குறிப்போடு. 1546 இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் அவையும் வேதமே என்று அறுதியிட்டது. 1611 ஆங்கில பைபிளில்கூட அவை இருந்தன. 1826 இல் பிரித்தானிய வேதாகமச் சங்கம், அவற்றைச் சேர்த்து அச்சிடுகிற பதிப்புகளுக்குப் பணம் தருவதில்லை என்று முடிவு செய்த பிறகுதான் நம் பக்கத்துப் பைபிள்களிலிருந்து அவை பெரும்பாலும் காணாமல் போயின. எத்தியோப்பியச் சபை 81 என்று எண்ணுகிறது, அது தனிக் கதை.

ஆக, அடுத்த வீட்டுக் கத்தோலிக்க அக்காவிடம் "உங்கள் பைபிள் தப்பு" என்று சொல்லப் போகாதீர்கள். மக்கபேயர் புத்தகத்தை வாங்கிப் படித்துப் பாருங்கள், மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தெரியும்.

கையால் பிரதி எடுத்து எடுத்து எல்லாம் மாறிப்போயிருக்காதா?

சிறிய மாற்றங்கள் ஏராளம், பெரியவை கொஞ்சம், இரண்டும் வெளிப்படையாகவே பதிவாகியிருக்கின்றன. 1947 இல் சாக்கடல் ஓரத்துக் குகைகளில் சுருள்கள் கிடைக்கத் தொடங்கின. அதில் ஏசாயா முழுச் சுருள், அதுவரை கையில் இருந்த எபிரெயப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பழையது. ஒப்பிட்டால் எழுத்துக்கூட்டு, சிறு சொற்கள் என்று வித்தியாசங்கள் நிறைய, ஆனால் அதே ஏசாயாதான். சரி, இத்தோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மைதான். அதே குகைகளில் எரேமியாவின் இரண்டு வடிவங்கள் கிடைத்தன, ஒன்று நம்முடையது, மற்றொன்று கிரேக்க மொழிபெயர்ப்போடு ஒத்துப்போகிற, இன்னும் சுருக்கமான வடிவம். பாருக்கின் இரண்டாவது சுருள் வளர்ந்ததைப் படித்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்காது.

புதிய ஏற்பாட்டில் இரண்டு பெரிய இடங்கள். மாற்கு 16:9 முதல் உள்ள பகுதி மிகப் பழைய இரண்டு முழுப் பிரதிகளில் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட ஸ்திரீயின் கதை, யோவான் 8 இன் தொடக்கம், அதுவும் பழைய பிரதிகளில் இல்லை. பல புதிய பதிப்புகள் இவற்றை அடைப்புக்குள் போட்டு அடிக்குறிப்பு தருகின்றன. அந்தக் குறிப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள், மறைக்காமல் சொல்கிறார்களே என்று சந்தோஷப்படுங்கள். கிறிஸ்தவ நம்பிக்கையின் எந்த அடிப்படைப் போதனையும் இந்த இரண்டு பகுதிகளை மட்டும் நம்பி நிற்கவில்லை.

அதிகார எண், வசன எண்ணெல்லாம் ஆதியிலேயே இருந்ததா?

இல்லை. இன்றைய அதிகாரப் பிரிவு 13 ஆம் நூற்றாண்டு, ஸ்டீபன் லாங்டனின் வேலை என்பார்கள். புதிய ஏற்பாட்டு வசன எண் 1551 இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகத்தார் போட்டது. அதிகாரம் முடிகிற இடத்தில் கருத்து முடிந்துவிட்டது என்று நினைத்து மூடி வைக்காதீர்கள்.

தமிழுக்கு எப்போது வந்தது?

1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1714-15 இல் அச்சிட்டார். இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்து 1719 இல் இறந்துபோனார், மீதியை சூல்ட்சே முடித்து 1728 இல் முழு வேதாகமம் வந்தது. அப்புறம் பப்ரிசியுஸ், பவர் என்று திருத்தங்கள். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் மொழிபெயர்த்தபோது கூட உட்கார்ந்து தமிழைச் செப்பம் செய்தவர் யார் தெரியுமா, பிற்பாடு சைவத்துக்காக மிஷனரிகளோடு மல்லுக்கு நின்ற ஆறுமுக நாவலர். கத்தோலிக்கரின் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு 1995. நாம் மனப்பாடம் செய்து வளர்ந்த நடைதான் மூலம் என்று சண்டை போடுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள், அதுவும் ஒரு மொழிபெயர்ப்புதான் ஐயா.

இயேசு வந்த பிறகு பழைய ஏற்பாடு எதற்கு?

இதே கேள்வியை இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் கேட்டார். பழைய ஏற்பாட்டை முழுக்கத் தள்ளி, வெட்டிச் சுருக்கிய லூக்காவும் பவுலின் பத்து நிருபங்களும் போதும் என்றார். ரோமாபுரிச் சபை அவரை வெளியேற்றியது. இயேசு ஜெபித்தது சங்கீதங்களை, சோதனைக்காரனுக்குப் பதில் சொன்னது உபாகமத்திலிருந்து. அதை எடுத்துவிட்டால் அவர் பேசுவதில் பாதி நமக்குப் புரியாது.

சரி, இதெல்லாம் வரலாறு. விசுவாசிக்கு பைபிள் எதற்கு?

பைபிளே இரண்டு இடத்தில் நேராகச் சொல்கிறது. யோவான் 20:31, "நீங்கள் விசுவாசிக்கும்படியாகவும், விசுவாசித்து அவருடைய நாமத்தினாலே நித்தியஜீவனை அடையும்படியாகவும், இவைகள் எழுதப்பட்டிருக்கிறது." 2 தீமோத்தேயு 3:16, உபதேசத்துக்கும், கடிந்துகொள்ளுதலுக்கும், சீர்திருத்தலுக்கும், நீதியைப் படிப்பிக்குதலுக்கும். முதலாவது இயேசுவை அறிவதற்கு, இரண்டாவது நாம் திருந்துவதற்கு. இந்த இரண்டாவது பட்டியலில் "கடிந்துகொள்ளுதல்" இருப்பதைக் கவனியுங்கள், நாம் அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒதுக்கிவிடுகிறோம்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். இது கூடி உட்கார்ந்து கேட்பதற்காக எழுதப்பட்ட புத்தகம். "இந்த நிருபம் பரிசுத்தமான சகோதரர் யாவருக்கும் வாசிக்கப்படும்படி" என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் ஆணையிட்டே சொல்கிறார். நெகேமியா 8 இல் எஸ்றா விடியற்காலம் தொடங்கி மத்தியானம் வரை தண்ணீர் வாசல் வீதியில் வாசிக்கிறான், ஆண்களும் பெண்களும் நிற்கிறார்கள், லேவியர் அர்த்தம் சொல்கிறார்கள், கேட்டு ஜனங்கள் அழுகிறார்கள், அழாதீர்கள், போய்க் கொழுமையானதைச் சாப்பிடுங்கள், ஒன்றுமில்லாதவனுக்கும் அனுப்புங்கள் என்று அனுப்புகிறார்கள். வாசிப்பு, விளக்கம், அழுகை, சாப்பாடு, இல்லாதவனுக்குப் பங்கு, இவ்வளவும் சேர்ந்ததுதான் அன்று வேதவாசிப்பு. போனில் தனியாக ஒரு வசனம் பார்த்து ஸ்டேட்டஸ் வைப்பது தப்பில்லை, அது மட்டும் போதாது.

புது வருஷ வாக்குத்தத்த அட்டை எடுக்கலாமா?

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வரிசையில் நின்று தட்டிலிருந்து அட்டை எடுப்பதும், எனக்கு என்ன வந்தது உனக்கு என்ன வந்தது என்று பார்ப்பதும் நம் ஊர்ச் சபைகளில் பழகிப்போனது. எடுங்கள், நானும் எடுப்பேன். ஆனால் வந்த வசனத்தின் முன்னும் பின்னும் வீட்டுக்குப் போய் வாசியுங்கள். உதாரணத்துக்கு எல்லாருக்கும் பிடித்த எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வருகிறது. முந்தின வசனம் என்ன சொல்கிறது? எழுபது வருஷம் ஆகும் என்கிறது. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிற கடிதம் அது. இந்த வருஷமே விசா கிடைக்கும் என்ற வாக்காக அதை எடுத்துக்கொண்டு, ஜூன் மாதம் கிடைக்கவில்லை என்றதும் கடவுள் ஏமாற்றிவிட்டார் என்று உடைந்துபோகிறவர்களை எல்லாச் சபையிலும் பார்க்கலாம். கடவுள் அவர்களுக்குச் சொல்லாத ஒன்றை அட்டை சொல்லிவிட்டது.

கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தைத் திறந்து விரல் வைத்துச் சித்தம் பார்ப்பதற்கும் இதே பதில்தான்.

வாசிக்கவே முடியாத பயங்கரமான பகுதிகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. சங்கீதம் 137, பாபிலோன் ஆறுகளருகே உட்கார்ந்து அழுதோம் என்று உருக்கமாகத் தொடங்கி, உன் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதுகிறவன் பாக்கியவான் என்று முடிகிறது. கடைசி வசனத்தை நாம் பாடுவதில்லை. அது கடவுள் நமக்கு இடுகிற கட்டளை என்று நான் எடுத்துக்கொள்வதில்லை, வீட்டை இழந்து பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் வெறி கடவுளுக்கு முன்னால் மறைக்காமல் கொட்டப்படுகிறது. அதைக் கொட்டவும் வேதத்தில் இடம் இருக்கிறது. யோசுவா புத்தகத்துப் படுகொலைகளுக்கு இந்தப் பதில் போதாது, அங்கே எனக்குத் திருப்தியான விளக்கம் எதுவும் இல்லை. சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்றவரின் வெளிச்சத்தில் வாசிக்கிறேன், அவ்வளவுதான்.

எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுபோனவர்கள் கோடி. மாற்குவில் தொடங்குங்கள், பதினாறு அதிகாரம்தான், ஒரே உட்காரலில் முடிக்கலாம். பிறகு லூக்கா, அப்போஸ்தலர் நடபடிகள், கூடவே தினம் ஒரு சங்கீதம். சத்தமாக வாசியுங்கள், வீட்டில் பாட்டி இருந்தால் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். புரியாவிட்டால் வெட்கப்படாதீர்கள், அப்போஸ்தலர் 8 இல் எத்தியோப்பிய மந்திரியே இரதத்தில் ஏசாயாவை வைத்துக்கொண்டு, ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று பிலிப்புவை ஏறி உட்காரச் சொன்னார்.

கிழிந்துபோன பழைய பைபிளை என்ன செய்வது?

யூதர்கள் பழைய சுருள்களைத் தனி அறையில் சேர்த்துவைத்துப் பிறகு புதைப்பார்கள். நமக்கு அப்படி விதி எதுவும் கிடையாது, காகிதத்துக்குப் பரிசுத்தம் இல்லை. பைண்டிங் செய்ய முடிந்தால் செய்யுங்கள், முடியாவிட்டால் மரியாதையாகப் புதைக்கலாம், எரிக்கலாம், பாவம் ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் முதல் பக்கத்தைப் பாருங்கள், நம் வீடுகளில் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாத் தேதியும் தாத்தா அதில்தான் எழுதி வைத்திருப்பார், அதைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பி வைத்துவிடுங்கள்.